புதுவை நாட்டில் நிலவுரிமையும் ஊரதிகாரமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இவ்வாண்டு நிலவுரிமையைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியக் கமிட்டியார் பணித்தனர். நம் குலத்தாரில் நிலத்தோடு உறவில்லாத குடும்பம் ஒன்றுமில்லை. சிலர் நிலம் படைத்தோர். சிலர் பிறர் நிலத்தை வாரத்திற்கும் குத்தகைக்கும் உழுதோர். பலர் பாட்டன் காலத்தில் இருந்ததைத் தந்தை காலத்தில் இழந்தோர். நிலம் எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்று வீடுதோறும் ஒரு கதை வழங்குகின்றது. அக்கதைகளில் எல்லாம் ஒரு பங்காளியோ, ஒரு லேவாதேவிக்காரரோ, ஒரு கணக்கரோ குற்றவாளியாக நிற்பார். ஆனால் அந்தப் பங்காளிக்கும் லேவாதேவிக்காரருக்கும் கணக்கருக்கும் அவ்வல்லமையைக் கொடுத்தது யாது? அதையே இன்று விசாரிக்கப் புகுகின்றோம்.

முதலில் பிரெஞ்சுக்காரர் வருமுன் இந்நாட்டு நிலை எவ்வாறிருந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். நம் பாகூர் பழமையான ஊர். 1879ஆம் ஆண்டில் அங்குக் கிடைத்த செப்பேடுகள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தவை. அதாவது ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. அவ்வூரில் இருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதை அவை கூறுகின்றன. திருபுவனைக் கோயிலில் உள்ள முதல் இராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டும் ஒரு கல்லூரிக்கு நிலம் விட்ட செய்தியைத் தெரிவிக்கின்றது. இவ்வாறு கிராமத்தைத் தானம் செய்தான் அரசன் என்று படிக்கும்போது, மண் முழுவதையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டான் என்று நாம் எண்ணிவிடலாகாது. அவன் பெரும்பாலும் கொடுத்தது, அந்த மண்ணின் விளைவில் தனக்குரிய பங்கையே. களத்தில் நெல் குவிந்தால் மேல்வாரம் ஒருவருக்கு, குடிவாரம் ஒருவருக்கு; கோயிலுக்கு ஒரு பங்கு, ஏரிக்கு ஒரு பங்கு; தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், வெட்டியான் ஆகியோருக்கு அவரவர் சுதந்தரம். ஒரே காணியின்மேல் பலருக்குப் பலவகைப் பாத்தியம் இருந்தது. இது யாருடைய நிலம் என்று கேட்டால் ஒரே பெயரில் விடை சொல்ல இயலாத காலம் அது.

அதனால் அது பொற்காலம் என்று சொல்ல வந்தோமில்லை. நம் சமூகப் பத்திரிகைகளில் எழுதுவோர் பலர் பழங்காலத்தை ராமராஜ்யமாகவே சித்திரிப்பது வழக்கம். களத்தில் நெல்லை அளந்தவர் ஒருவர். அளப்பதைத் தூரத்தில் நின்று பார்த்தவர் வேறொருவர். சேற்றில் இறங்கி நட்டு அறுத்த கைகளுக்குக் கிடைத்தது கூலியாகிய சில மரக்கால் நெல். மண் கைமாறும்போது அம்மண்ணோடு பண்ணையாளும் கைமாறினான். ஆகவே, அந்நியர் வந்து ஒரு சமத்துவ சமூகத்தைக் கெடுத்தனர் என்பது சரித்திரமாகாது. ஏற்கெனவே மேடும் பள்ளமுமாக இருந்த வயலில் அவர்கள் புதுவரப்பு போட்டனர் என்பதே பொருந்தும். அந்த வரப்பு யார் பக்கம் தண்ணீரைத் திருப்பிற்று என்பதே நம் கேள்வி.

நிற்க. பிரெஞ்சுக் கும்பினியாருக்குப் புதுவையில் இடங்கொடுத்தவன் வாலிகொண்டபுரத்துச் சேர்கான் லோதி. 1674ஆம் ஆண்டில் பிரான்சுவா மர்த்தேன் இங்கு வந்து நிலைத்தார். 1693இல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்து 1699இல் திருப்பிக் கொடுத்தனர். அதன்பின் அண்டைக் கிராமங்கள் சில சேர்ந்தன. 1739இல் காரைக்கால் கிடைத்தது. துய்ப்ளேக்ஸ் காலத்தில், கர்நாடக நவாபுப் பட்டத்துக்கு நடந்த போட்டியில் பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபின் பக்கம் நின்றதன் பயனாக, 1749ஐ ஒட்டி வில்லியனூரும் பாகூரும் அவர்கள் வசமாயின. அக்கிராமங்களில் உழுதவர் எவரிடமும் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. ஒரு யுத்தச் செலவுக்கு ஈடாக ஊர்கள் கொடுக்கப்பட்டன.

வாணிகம் செய்ய வந்தவர்க்குக் கிராமம் எதற்கு? வரிப்பணத்திற்கே. ஆனால் கும்பினியாருக்கு நம் மொழியும் தெரியாது, மண்ணின் தரமும் தெரியாது. ஆகையால் கிராமங்களைக் குத்தகைக்கு விட்டனர். இத்தனை வராகன் தருகின்றேன் என்று ஒப்புக்கொண்டவர் கிராமத்தை எடுத்து, குடிகளிடம் வசூலித்து, மிகுதியைத் தாம் வைத்துக்கொண்டார். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த தினசரிக் குறிப்பைப் படிப்போர், கப்பற்சரக்கும் துணிமூட்டையும் மட்டுமன்றி, சீமைக் குத்தகையும் அதன் பாக்கியும் அக்காலத்துப் பெரிய மனிதரின் பேச்சில் எவ்வளவு இடம் பெற்றிருந்தன என்பதைக் காண்பர். நகரத்து மூலதனமும் கவர்னர் மாளிகையின் தயவும் உடையவர் கிராமத்துக்கு அதிகாரியாயினர். ஊரதிகாரம் ஊருக்கு வெளியே போயிற்று. இஃது முதல் மாறுதல்.

1761ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்துக் கோட்டையையும் ஊரையும் இடித்தனர். 1765இல் திருப்பித் தந்தனர். 1778இல் மறுபடி பிடித்தனர்; 1785இல் தந்தனர். 1793இல் மீண்டும் பிடித்து, 1814ஆம் வருடத்து உடன்படிக்கைக்குப் பின் 1816இல் கடைசியாக ஒப்படைத்தனர். அரைநூற்றாண்டில் ஆறு முறை துரைத்தனம் மாறினால், தீர்வையை யாரிடம் கட்டுவது, கட்டிய ரசீதை யார் மதிப்பார் என்பதே குடியானவனின் கவலை. யுத்தத்தில் தோற்ற பிரெஞ்சுக்காரர் 1783ஆம் ஆண்டு வெர்சேல் உடன்படிக்கையில் வில்லியனூரையும் பாகூரையும் மறக்காமல் கேட்டு வாங்கினர் என்பது கவனிக்கத்தக்கது. கோட்டை போனாலும் வயல் போகலாகாது என்பதே அவர்கள் எண்ணம்.

1816க்குப் பின் அவர்களுக்குக் கிடைத்தது கிழிந்த சீலையைப் போன்ற ஒரு நாடு. ஓர் ஊர் பிரெஞ்சு, அடுத்த ஊர் இங்கிலீஷ், அதற்கடுத்தது மறுபடி பிரெஞ்சு. 1815ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி உப்பு வியாபாரத்தை ஆங்கிலேயர்க்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பெற்றுக்கொள்ள இசைந்தனர். சர்க்காருக்குப் பணம் வந்தது. உப்பளத்தை நம்பியிருந்த பாட்டாளிக்கு வேலை போயிற்று. கோட்டையும் பெருவாணிகமும் இழந்த அவ்வரசாங்கத்திற்கு எஞ்சிய வருவாய்களில் நிலவரி முக்கியமானதாகவே, நிலத்தைக் கணக்கெடுப்பதில் முனைந்தனர்.

இவ்விடத்தில் அண்டை நாட்டைச் சற்றே நோக்குவோம். ஆங்கிலேயர் வங்காளத்தில் 1793இல் சாசுவத நிலவரித் திட்டம் ஏற்படுத்தி, வரி வசூலித்து வந்த ஜமீன்தார்களையே நிலச் சொந்தக்காரர் என்றனர். சென்னை இராஜதானியின் பல ஜில்லாக்களில் மன்றோ முதலியோர் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்து, பட்டாதாரருடன் சர்க்கார் நேரே கணக்கு வைத்துக்கொண்டது. தொண்டை மண்டலத்தில் மிராசு பாத்தியம் இன்னதென்று எல்லிஸ் துரை 1818இல் விரிவாக எழுதினார். முறை எதுவாயினும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: பலர்க்குப் பல பாத்தியமுள்ள நிலத்தில், யார் பெயரை ஏட்டில் எழுதுவது? எழுதப்பட்டவர் சொந்தக்காரராயினர், எழுதப்படாதவர் அவர் தயவில் வாழ்வோராயினர்.

பிரெஞ்சு எல்லையில் நிலங்கள் மானியம், சுரோத்திரியம், அடமானம், புறம்போக்கு முதலிய வகைகளாகப் பிரிக்கப்பட்டன. இவற்றுள் அடமானம் என்ற சொல்லை நாம் ஈடு என்ற பொருளில் வழங்குகின்றோம். பிரெஞ்சுப் பதிவேடுகளிலோ, தீர்வை செலுத்தும் நிபந்தனையின்மேல் குடிகள் வைத்துப் பயிரிட்ட சாதாரண நிலங்களுக்கு அது பெயர். மண் சர்க்காருடையது, குடியானவர்க்கு உள்ளது அனுபோகமே என்பது அக்காலச் சித்தாந்தம். தீர்வை தவறினால் நிலமும் தவறும்.

இந்நிலையை மாற்றியது 1854ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதிய கட்டளை. அடமான நிலங்களை வைத்துத் தீர்வை செலுத்திவந்தவர்களை அவற்றின் பூரண சொந்தக்காரர்கள் என்று அது அங்கீகரித்தது. அன்றுமுதல் நிலத்தை விற்கலாம், ஈடு வைக்கலாம், தானம் செய்யலாம், சந்ததிக்கு விடலாம். இதனால் விளைந்த நன்மையை நாம் மறைக்கலாகாது. ஒரு குத்தகைதாரரோ உத்தியோகஸ்தரோ நினைத்தபோது குடியை எழுப்பிவிடும் காலம் சட்டத்தளவில் முடிந்தது. தன்னுடையது என்ற தைரியத்தில் கிணறு வெட்டினவர், தோப்பு வைத்தவர், மேட்டைச் சமன் செய்தவர் பலர். நம் முன்னோரில் சிலர் தலையெடுத்ததும் அதனாலேதான்.

ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்கவேண்டும். முதலாவது, அக்கட்டளை சொந்தக்காரராக்கியது ஏட்டில் பெயருள்ளவரையே. அவருக்குக் கீழே வாரத்திற்கு உழுதவர்க்கும், பரம்பரையாகச் சேற்றில் உழைத்த படியாளுக்கும் அதனால் ஒரு குழி நிலமும் உரிமையாகவில்லை. முன்பு வழக்கத்தால் கிடைத்த சிறு பங்குகள், இப்போது சொந்தக்காரர் மனமுவந்து கொடுக்கும் பிச்சையாக மாறலாயின. இரண்டாவது, விற்கக்கூடிய பொருள் இழக்கக்கூடிய பொருளும் ஆகும். சர்க்காரின் சொத்தாக இருந்தவரை நிலத்தை நம்பிப் பெருந்தொகை கடன் கொடுப்பாரில்லை. சொந்தச் சொத்தானதும் கடன் தாராளமாகக் கிடைத்தது. கலியாணத்திற்கு ஒரு காணி, கருமாதிக்கு அரைக்காணி, விளைவு பொய்த்த வருஷத்திற்கு மற்றொரு காணி என்று ஈடு ஏறிற்று. பத்திரமோ பிரெஞ்சு முறையில் எழுதப்பட்டது. படிக்கத் தெரியாதவர் கைந்நாட்டு வைத்தார். நூறு குழி கொண்ட நம் காணி, ஏட்டில் 53 ஆர் 51 சென்ட்டியார் ஆயிற்று. தன் நிலத்தின் அளவே தனக்குப் புரியாத பாஷையில் எழுதப்பட்டிருக்கையில், ஒரு குடியானவர் எதைச் சரிபார்ப்பார்?

பிரெஞ்சு எல்லைப் புன்செய்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவுரியும், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மர்சேய் துறைமுகத்துக்கு ஏற்றுமதியான மணிலாக்கொட்டையும் பணம் கொழித்தன. கம்பும் கேழ்வரகும் விளைந்த மண்ணின் மதிப்பைத் தொலைதேசத்துச் சந்தை நிர்ணயிக்கலாயிற்று. விலை ஏறின ஆண்டில் இலாபம் நடுவில் நின்ற வியாபாரிக்கு. இறங்கின ஆண்டில் நஷ்டம் முன்பணம் வாங்கின குடிக்கு. இப்படியாகப் பல நிலங்கள் உழுதவர் கையிலிருந்து நகரத்துக் கைகளுக்குச் சென்றன.

ஏட்டிலும் பெயரில்லை, ஈடு வைக்க நிலமுமில்லை என்றவர் கதி யாது? சபையோர் அறிவீர்கள். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்ததும், அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853இல் ஒரேலி என்னும் கப்பல் நம் கரையிலிருந்து மனிதர்களை ஏற்றிச்சென்று மர்த்தினிக்கில் இறக்கிற்று. அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கும் அவ்வாறே. ரெயூனியன் தீவுக்கு அதற்கு முன்பிருந்தே நம்மவர் சென்றனர். அங்கு நடந்த கொடுமைகளைக் கண்டு ஆங்கில அரசாங்கமே 1882இல் அத்தீவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திற்று. தீவாந்தரம் போனவர் ஏன் போனார் என்பதற்குப் பஞ்சமும் ஏஜெண்டுகளின் ஆசைவார்த்தையும் காரணம் என்பர். உண்மைதான். ஆயினும் தன்னுடையது என்று சொல்ல ஒரு குழி நிலமிருந்தவர் எத்தனை பேர் கப்பலேறியிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி அதிகாரத்தைப் பற்றிச் சொல்வோம். பிரெஞ்சுக் குடியரசு தன் இந்தியப் பிரஜைகளுக்கு வாக்குரிமை கொடுத்தது ஒரு புதுமை. 1848இல் தோன்றிச் சிறிது காலத்தில் மறைந்த அவ்வுரிமை 1871இல் மீண்டது. 1879இல் ஆலோசனைச் சபையும், 1880இல் பத்துக் கொம்யூன்களும் ஏற்பட்டன. 1907இல் கொம்யூன்கள் 17 ஆயின. அவற்றுள் 8 புதுவைப் பகுதியில். மேர் என்ற பதவியும் மேரி என்ற கச்சேரியும் நம் பேச்சில் கலந்தது அக்காலத்தில்தான். ஆங்கில எல்லையில் இருந்தவர் நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கலாம். ஆனால் வாக்குச்சீட்டு யார் கையில் இருந்தது? எசமானரின் கடனில் மூழ்கி, எசமானரின் மனைக்கட்டில் குடிசை போட்டு, எசமானரின் களத்தில் நெல் வாங்கினவர், எசமானர் சொன்ன பெயருக்கன்றி வேறு பெயருக்கு வாக்களிப்பது எங்ஙனம்? நிலம் வாக்கைத் தந்தது. வாக்கு மேர் பதவியைத் தந்தது. மேர் பதவி மறுபடி நிலத்தைக் காத்தது. வாய்க்கால் மராமத்தும், பிறப்பு இறப்புப் பதிவும், வாக்காளர் பட்டியலும் ஒரே திண்ணைக்கு வந்துசேர்ந்தன.

இதோடு சாதியாசாரமும் சேர்ந்தது. 1819ஆம் ஆண்டிலேயே, பிரெஞ்சுச் சட்டத்தை அமுலாக்கும்போது, இந்தியர் வழக்குகள் அவரவர் சாதி வழக்கப்படி தீர்க்கப்படும் என்று வாக்களித்திருந்தனர். 1873இல் பாதரட்சை அணிந்து நீதிமன்றத்துள் நின்றதற்காகத் தடுக்கப்பட்டு, பிரான்சு வரை வழக்காடி வென்றவர் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதிய கட்டளையால், விரும்பினவர் தம் சாதிச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம் என்றாயிற்று. அப்படி ஏற்ற ரெனோன்சான்களுக்கு அவர் தலைவராக விளங்கினார். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் நடு சண்முக வேலாயுத முதலியார். சாதியாசாரத்தைக் காப்போம் என்ற முழக்கத்தால் சுமார் கால் நூற்றாண்டு புதுவை அரசியலைத் தம் கைக்குள் வைத்திருந்தார். அவரை வீரர் என்பாரும் உண்டு, வில்லர் என்பாரும் உண்டு. அன்று காக்கப்பட்டது ஆசாரம் மட்டுமன்று, அவ்வாசாரத்தின்மேல் நின்ற ஊரதிகாரமும் அதனோடு காக்கப்பட்டது என்பதே எமது அபிப்பிராயம்.

குடும்பத்துக்குள்ளும் இதன் நிழல் விழுந்தது. எல்லைக்கு அப்பால் மிதாட்சர முறைப்படி பிதிரார்ஜிதத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பாத்தியம். புதுவையிலோ, பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்ற இந்து வழக்கப்படி, தந்தை உயிரோடிருக்கும்வரை சொத்துக்கு அவரே முழு எசமானர். ஒரு மனிதரின் கையெழுத்தில் ஒரு குடும்பத்தின் நிலம் முழுவதும் போகக்கூடும் என்றாயிற்று. ஆண் சந்ததி உள்ள வீட்டில் பெண்மக்களுக்கோ ஒன்றுமில்லை.

பிரெஞ்சு ஆட்சி நீங்கின வரலாறும் நிலத்தோடு பின்னிக்கிடக்கின்றது. 1936ஆம் ஆண்டு ஜூலை 30இல் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுடப்பட்டு மாண்டபோது நகரம் விழித்தது. கிராமமோ பின்னும் பல ஆண்டுகள் தன் பெரியதனக்காரரையே நோக்கியிருந்தது. 1954இல் நெட்டப்பாக்கம் முதலிய கொம்யூன்கள் இணைப்புக் கொடியை உயர்த்தியபோது, முன்னின்றோரில் நிலம் படைத்த பெருங்குடியினரும் இருந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 18இல் கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி முழுமையாயிற்று. இவ்வளவு பெரிய தீர்மானமும் பிரதிநிதிகள் மூலமாகவே நடந்தது; உழுதவரை நேரே கேட்டதில்லை. 1749இலும் கேட்கவில்லை என்பதை நினைவுகூர்க. ஆயினும் இம்முறை வந்தது நம் அரசு என்ற வேற்றுமை உண்டு.

அந்த வேற்றுமை வீண்போகவில்லை. 1970இல் நிலவரித் திட்டச் சட்டம் வந்து பழைய பிரெஞ்சு வகைப்பாடுகளுக்கு முடிவு கட்டிற்று. சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் நியாய வாரச் சட்டமும் அவ்வாண்டினவே. 1973ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், பிறர் மனைக்கட்டில் குடியிருந்த உழவுத் தொழிலாளர்க்கு அவ்விடத்தைச் சொந்தமாக்கிற்று. அதே ஆண்டின் உச்சவரம்புச் சட்டமும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963இல் இங்கும் விரிக்கப்பட்டது. ரெனோன்சான்கள் மட்டும் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் நின்றனர். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சமபாத்தியம் ஏற்பட்டது. ஆனால் ஊராட்சித் தேர்தலோ 1968க்குப் பின் 2006இல்தான் நடந்தது. அதிகாரத்தைக் கிராமத்துக்குத் திருப்பிக்கொடுக்க முப்பத்தெட்டு வருஷம் யாருக்கும் அவசரமில்லை.

சபையோர்களே! இவ்வளவு நேரம் சொன்னதிலிருந்து நம் சங்கம் கொள்ளவேண்டியது யாது? பட்டணம் விரிந்து, பாட்டன் உழுத வயல் மனைகளாக விற்கும் காலம் இது. அன்று சில பணம் பெற்ற குழிக்கு இன்று லட்சக்கணக்கில் விலை. ஆகவே பழைய ஏட்டில் யார் பெயர் என்ற கேள்வி மறுபடி உயிர்பெற்றுவிட்டது. எமக்குத் தோன்றும் நான்கு காரியங்களைக் கூறி முடிக்கின்றோம்.

முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் தன் பெட்டியிலுள்ள பிரெஞ்சுப் பத்திரங்களைப் பத்திரப்படுத்தி, தமிழில் பெயர்த்து, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவேண்டும். பிரெஞ்சு கற்ற நம் இளைஞர் சிலர் இதற்கெனச் சங்கக் கட்டடத்தில் வாரம் ஒருநாள் அமர்ந்தால் பெரும் உபகாரமாகும். படிக்கத் தெரியாமல் கைந்நாட்டு வைத்து இழந்தது போதும்.

இரண்டாவது, பெண்மக்களின் பங்கு. சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவதைப் பாசம் என்று நம்மவர் பெயரிட்டிருக்கின்றனர். கொடுக்கவேண்டியதைக் கொடுத்தபின் அவள் மனமுவந்து விட்டால் அது பாசம். கேட்கவே விடாமல் வாங்கினால் அது, ஏட்டில் பெயரில்லாதவனை அன்று கிராமம் நடத்திய முறையே. இச்சங்கத்தின் மேடையில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

மூன்றாவது, நம் நிலங்களில் தலைமுறையாக உழைத்தவரும், நம் மனைக்கட்டில் குடியிருந்தவரும். அவர்களில் சட்டம் கொடுத்ததை இன்னும் கையில் பெறாதவர் இருப்பின், அதைத் தடுத்து வழக்காடுவது நம் குலத்திற்குக் கௌரவமன்று. ஆண்ட பரம்பரை என்று மார்தட்டுவதால் யாது பயன்? 1854இல் ஏட்டில் பெயர் ஏறியது புண்ணியத்தால் மட்டுமன்று என்பதைக் கண்டோம். எழுதப்படாதவரின் உழைப்பும் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கின்றது.

நான்காவது, ஏரி. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் எந்த அரசர் ஆண்டபோதும் நீர் கொடுத்தன. பிரெஞ்சுக்காரர் காலத்திலும் கேஸ் கொம்யூன் என்ற பொதுநிதி வைத்துப் பாசனக்காரர் கூடி ஏரிகளைப் பராமரித்த வழக்கம் இருந்தது. நிலம் தனித்தனிப் பெயருக்குப் பிரிந்தாலும் தண்ணீர் பிரியவில்லை. நிலம் விற்றவரும், வாங்கினவரும், உழுதவரும் அக்கரையில் ஒன்றுகூட இன்னும் இடமிருக்கின்றது. கோடைக்கு முன் நம் கிளைச் சங்கங்கள் வரத்துவாய்க்கால் வேலைக்கு ஆள் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். பிற சமூகத்தாரையும் சரிசமமாக அழைத்தே அதைச் செய்யவேண்டும்.